போன் லாக் ஸ்கிரீனில் வேத வசனம்: ரங்கூன் சபையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே டீயும் வடையும் கொடுக்கிற நேரம்தான் எனக்குப் போன் பார்க்கிற நேரம். சபையில் பாட்டு ஸ்லைடு போடுகிறவன் என்பதால், போன் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில்தான் விடியும். அதில் பாதிக்கு மேல், 'லாக் ஸ்கிரீன்ல ஒரு வசனம் போட்டுக் குடு' என்பதுதான். ஒரே சந்தேகத்தை ஒன்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வசனங்கள் 'பழைய திருப்புதல்' என்கிற தமிழ் வேத மொழிபெயர்ப்பில் உள்ளவை.

"தம்பி, நல்ல வசனமா ஏதாவது ஒண்ணு போடுப்பா. எது போட்டா என்ன?"

எது போட்டாலும் வசனம்தான், சரி. ஆனால் லாக் ஸ்கிரீன் சுவர்க் காலண்டர் மாதிரி இல்லை. மணி பார்க்க, மிஸ்டு கால் பார்க்க, கரண்ட் போனால் டார்ச் அடிக்க என்று ஒரு நாளில் எத்தனையோ தடவை கண்ணில் படும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் கண் அங்கே நிற்காது. அதனால் முதலில் நான் திருப்பிக் கேட்பது, இதை யார் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பதுதான். 'பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்' என்பவர்களுக்கு என்னால் பெரிய உதவி இல்லை. அடுத்தவர் நம் போனைப் பார்ப்பது மணி தெரிந்துகொள்ளத்தான்.

மொகிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் சூப் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, 'எனக்குக் கோபம்தான் பெரிய பிரச்சினை, கடைப் பையன் மேல எரிஞ்சு விழுறேன்' என்றார். நீதிமொழிகள் 15:1இன் முதல் பாதியைப் போட்டுக் கொடுத்தேன்: "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்." அவர் கேட்க வந்தது சங்கீதம் 23. ஆனால் அதிகாலையில் கரண்டியும் கையுமாக நிற்கும்போது அவருக்குத் தேவைப்படுவது இந்த நாலு சொல்தான்.

"எத்தனை வார்த்தை வரைக்கும் தாங்கும்?"

நாலிலிருந்து எட்டுச் சொல் வரை நன்றாக இருக்கும். பன்னிரண்டைத் தாண்டினால் எழுத்து சிறுத்துவிடும், கண் தானாகத் தாண்டிப் போகும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" ஐந்தே சொல். யோவான் 3:16 பழைய திருப்புதலில் 15 சொல். அதிலும் "அன்புகூர்ந்தார்" என்ற வினை கடைசிச் சொல்லாக நிற்கிறது, அங்கே போய்ச் சேர்வதற்குள் திரை அணைந்துவிடும். மனப்பாடமாகத் தெரிந்த வசனம் என்றால் 'யோவான் 3:16' என்று எண்ணை மட்டும் போட்டாலும் போதும்.

சொல்லின் நீளத்தையும் பாருங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய" என்பது ஒரே சொல்தான், ஆனால் பெரிய எழுத்தில் ஒரு வரியில் அடங்காது. ஆப் தன் இஷ்டத்துக்கு நடுவில் வெட்டிவிடும்.

"பாதி வசனம் மட்டும் போட்டா தப்பா?"

தப்பில்லை. வசன எண்களே பிற்பாடு வந்தவை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்டியேன் என்ற பாரிஸ் அச்சுக்காரர் 1551இல் போட்டார். அதனால் எண்ணுக்குள் பாதியை எடுத்தால் பாவம் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வாக்கியத்தை வெட்டுவதற்குத்தான். தமிழில் வினையும் 'இல்லை'யும் கடைசியில் வரும், முன்பாதியை மட்டும் எடுத்தால் அர்த்தம் கவிழ்ந்துவிடும். சங்கீதம் 14:1 எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "தேவன் இல்லை." அதற்குப் பிறகுதான் "என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று வருகிறது. இதை யாரும் வால்பேப்பராகப் போட மாட்டார்கள்தான், ஆனால் வெட்டு எங்கே விழுந்தால் என்ன ஆகும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சில இடங்களில் வாக்கியமே இரண்டு வசனத்துக்கு நீளும். சங்கீதம் 46:2இல் "பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்று நின்றுவிடுகிறது. "நாம் பயப்படோம்" என்ற முடிவு மூன்றாம் வசனத்தின் கடைசியில்தான் வருகிறது.

"கடிகாரம் வசனத்து மேலயே ஏறி உக்காந்துக்குது, என்ன செய்ய?"

பெரும்பாலான போனில் மேல் மூன்றிலொரு பங்கு கடிகாரத்துக்குப் போய்விடும். கீழே கைரேகை வட்டம், டார்ச், கேமரா. நடுவில் நோட்டிபிகேஷன் வந்து விழும். மிச்சமிருக்கும் இடம் கடிகாரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். வசனம் அங்கே இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் விடுங்கள். படம் 1080க்கு 2400 அளவில் இருந்தால் இப்போதைய நீளப் போன்களுக்குப் பொருந்தும். பேஸ்புக்கிலிருந்து எடுத்த சதுரப் படத்தைப் போட்டால் போன் அதை இழுத்துப் பெரிதாக்கி இரண்டு பக்கமும் வெட்டிவிடும்.

நானே பட்ட பாடு ஒன்று. ஒரு பெரியம்மாவுக்கு எபிரெயர் 13:5 கேட்டார் என்று போட்டுக் கொடுத்தேன்: "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." வரி மடங்கி, கடைசி வரியான 'மில்லை' மட்டும் கைரேகை வட்டத்துக்குள் போய்விட்டது. இரண்டு வாரம் அவர் போன் "உன்னைக் கைவிடுவது" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த பேரன்தான் சத்தமாகப் படித்துக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து யார் போனில் போட்டாலும் பூட்டித் திறந்து, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கிறேன்.

"எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வருதே?"

படம் செய்கிற சில ஆப்களுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. ெ, ே, ை மூன்றையும் உயிர்மெய்க்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துவிடும், 'தேவன்' என்பது 'தவேன்' மாதிரித் தெரியும். சில எழுத்துருவில் புள்ளியே காணாமல் போகும். வழி சுலபம். போனில் சாதாரணக் குறிப்பு எழுதும் இடத்தில் வசனத்தை அடித்து, சரியாகத் தெரிந்தால் ஸ்கிரீன் ஷாட் எடுத்து அதைப் படத்தில் ஒட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், உடையாமல் வரும். அலங்கார எழுத்து வேண்டாம். டீக்கடை வெளிச்சத்தில் அம்மாவால் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

"கரண்ட் இல்லாத நேரத்துல பாட்டரி தின்னாம இருக்கணும், என்ன படம் போடலாம்?"

உங்கள் போன் அமோலெட் திரை என்றால் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. அந்தத் திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி எரியவே இல்லை என்று அர்த்தம், மிச்சம் உண்டு. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கறுப்புப் போட்டும் லாபம் இல்லை. மணிக்கணக்கில் இருட்டில் இருக்கிற ஊரில் கறுப்புத் திரைக்கு நான் கொடுக்கிற வசனம் சங்கீதம் 119:105. "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது." கொஞ்சம் நீளம்தான். மாடிப்படியில் போன் வெளிச்சத்தில் இறங்கும்போது அது தன் வேலையைச் செய்துகொள்ளும்.

"எங்கம்மா 'கர்த்தர்'னு போடச் சொல்றாங்க, வீட்டுக்காரர் 'ஆண்டவர்'ங்கிறார். எது சரி?"

இரண்டும் சரி. மொழிபெயர்ப்புதான் வேறு. 'கர்த்தர், தேவன், சங்கீதம்' என்பது புரொட்டஸ்டன்ட் சபைகளில் ஓடும் பழைய திருப்புதல், அதற்கு அடிப்படை 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு. 'ஆண்டவர், கடவுள், திருப்பாடல்கள்' என்பது 1995இல் வந்த திருவிவிலியம். சங்கீதம் 23:1 அதில் இப்படி இருக்கும்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." அந்தோணியார் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்களுக்கு இதுதான் காதில் விழுந்த ஓசை.

நீங்கள் எந்த ஓசையில் ஜெபிக்கப் பழகினீர்களோ அதையே போடுங்கள். இரண்டையும் கலந்து 'ஆண்டவர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று நாமே ஒன்று செய்வது மட்டும் வேண்டாம். இன்னொன்று, கத்தோலிக்கப் பாட்டிமாரின் பழைய புத்தகங்களில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும், லத்தீன் வேதத்தின் கணக்கு அது. பாட்டி '22ஆம் சங்கீதம், ஆயர் சங்கீதம்' என்றால் தப்பாகச் சொல்லவில்லை. அதேபோல் கத்தோலிக்க வேதத்தில் உள்ள சீராக்கின் ஞானம் என்ற நூலிலிருந்து ஒரு வரி போட்டால், புரொட்டஸ்டன்ட் மச்சான் தன் வேதத்தில் தேடி ஏமாந்து போவார்.

"பசங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பர்மீஸ்ல போட்டா பாட்டன் முப்பாட்டன் கோபிச்சுக்குவாங்களா?"

கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின, லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் 'ஏன் தமிழ் வாசிக்கவில்லை' என்று கேட்பது நியாயமில்லை. வாசிக்க முடியாத வசனம் பூப்படம் மாதிரிதான்.

பர்மீஸில் எடுத்தால் பெரும்பாலும் ஜட்சன் மொழிபெயர்ப்பாக இருக்கும். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூனில் வந்து இறங்கினார், முழு வேதத்தையும் 1834இல் மொழிபெயர்த்து முடித்தார். 'கர்த்தர்' வருமிடத்தில் அவர் 'தாவர ஃபயா' என்று வைத்தார், என்றென்றும் இருக்கிற ஆண்டவர் என்று பொருள். புத்தருக்கும் பகோடாவுக்கும் இந்த ஊரில் சொல்வது அதே 'ஃபயா' என்ற சொல்தான். என் அக்கா மகன் இதைக் கவனித்துவிட்டு, 'மாமா, அப்போ அந்த "தாவர" தான் வித்தியாசமா?' என்று கேட்டான். நான் ஸ்லைடு போடுகிறவன், பாஸ்டர் ஐயாவிடம் அனுப்பி வைத்தேன்.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பர்மீஸ் எழுத்தைப் போனில் பதிய ஸாஜி என்று ஒரு முறை, யூனிகோட் என்று ஒரு முறை. நாடு 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது. பழைய போனில், பழைய பதிவில் ஸாஜி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். படமாக வந்தால் பிரச்சினை இல்லை. தமிழும் பர்மீஸும் இரண்டையும் ஒரே திரையில் போடலாமா என்றால், இடம் போதாது, இரண்டும் கெடும். அந்த அக்கா மகன் கடைசியில் என்ன செய்தான் தெரியுமா? தமிழ் வசனத்தைப் பர்மீஸ் எழுத்தில் எழுதிக்கொண்டான். அவன் அம்மா சொல்லும் ஜெபத்தின் ஓசை, அவனுக்குத் தெரிந்த எழுத்தில். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"இது தாயத்து கட்டுற மாதிரி ஆயிடாதா?"

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள்தான் குறைவு. வசனத்தைக் கண்ணெதிரே வைப்பது வேதத்திலேயே இருக்கிறது. உபாகமம் 6:9, "அவைகளை உன் வீட்டு நிலைகளிலும், உன் வாசல்களிலும் எழுதுவாயாக." நிலைக்கதவில் எழுதலாம் என்றால் போனின் வாசலில் எழுதினால் என்ன? ஆனால் அங்கே எழுதச் சொன்னது மறக்காமல் இருக்க. தீங்கு அண்டாமல் இருக்க என்று சொல்லவில்லை.

கர்த்தர் காப்பார் என்று சொல்லும் சங்கீதம் 91ஐப் போட்டுவிட்டு ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் பறக்கிற தம்பிகளுக்கு ஒரு தகவல். மத்தேயு 4:6இல் தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும் என்று சொல்லி அந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டியது பிசாசு. ஒரு பாட்டி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார், வசனம் காக்குமாம். ஜட்சன் சிறையில் இருந்தபோது அவர் மனைவி ஆன், பர்மீஸ் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்த கதையை அவருக்குச் சொன்னேன். அங்கே தலையணைதான் வசனத்தைக் காத்தது பாட்டி, போன் சூடாகும், மேஜையில் வையுங்கள் என்றேன். இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

"லோங்கிக்குப் பின்னால இடுப்புல செருகுறேன். வசனம் இருக்கிற போனை அப்படி வைக்கலாமா?"

வைக்கலாம். திரை அணைந்திருக்கிறது. கழிவறைக்கு எடுத்துப் போவதையும் கேட்பார்கள், அதற்கும் இதே பதில். விழுந்து உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பின்னணியில ஷ்வேடகன் பகோடா படம் அழகா இருக்கும், அதுமேல வசனம் எழுதலாமா?"

வேண்டாம். உங்களுக்கு அது ஊரின் அழகு, பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வழிபடும் இடம். அதன்மேல் நம் வேதத்தை எழுதினால் அவர் மனம் எப்படி இருக்கும்? அரச மரமோ, ஆற்றுப் படகோ, வீட்டு வாசலில் பூத்த படாவுக் கொத்தோ போடுங்கள். பர்மியப் புத்தாண்டான திங்யான் சமயத்தில் படாவு மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்.

"புதுக்கடை திறக்கிறோம். 'உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும்' போட்டுத் தர்றியா?"

இதுதான் எனக்குத் தர்மசங்கடமான கேள்வி. யோபு 8:7, "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, புத்தாண்டு அட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்வது கடவுள் இல்லை, யோபின் மூன்று நண்பர்களில் ஒருவனான பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்கிறான். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் அந்த மூன்று நண்பர்களும் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். யோபின் பின்னிலைமை முன்னதைவிட நன்றாகத்தான் அமைந்தது, வார்த்தை பலித்தது. ஆனாலும் ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வாயிலிருந்து வந்ததை வாக்குத்தத்தமாக எடுப்பதில் எனக்கு ஒரு நெருடல்.

இதற்குப் பதில் சகரியா 4:10 கொடுப்பேன்: "அற்பமான ஆரம்பத்தின் நாளை யார் அசட்டைபண்ணலாம்?" அதே அற்பம், அதே ஆரம்பம். ஆனால் இடிந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கிய செருபாபேலுக்குக் கர்த்தரிடமிருந்து வந்த வார்த்தை. பொதுவான விதி, வசனத்தை எடுக்கும்முன் யார் யாரிடம் பேசுகிறார் என்று மேலே பத்து வரி வாசியுங்கள். லூக்கா 4:7இல் "எல்லாம் உம்முடையதாகும்" என்று ஓர் அழகான வாக்குறுதி இருக்கிறது. யார் சொன்னது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"கல்யாணம் ஆகப்போகுது. ரெண்டு போனுக்கும் ஜோடியா ஒரு வசனம்?"

முக்கால்வாசிப் பேர் ரூத் 1:16 கேட்பார்கள்: "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." தாராளமாகப் போடலாம், ஆனால் அது விதவை மருமகள் மாமியாரிடம் சொன்னது. மணப்பெண் அந்த அர்த்தத்தில் போட்டால் வீடு சொர்க்கமாகிவிடும். இன்னும் சிலர் ஆதியாகமம் 31:49 கேட்பார்கள், நாம் பிரிந்திருக்கையில் கர்த்தர் நம்மைக் கண்காணிப்பார் என்கிற வசனம். அது ஒருவரையொருவர் நம்பாத மாமனாரும் மருமகனும், லாபானும் யாக்கோபும், எல்லையில் கல் குவித்துச் சொன்னது. ஜோடிக்கு உன்னதப்பாட்டு 8:7 போடுங்கள்: "திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது." மழைக்காலத்தில் ரங்கூன் தெருவில் முட்டளவு நிற்கும்போது சிரிப்பும் வரும்.

"பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிலிப்பியர் 4:13?"

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." போடலாம், மேலே சொன்ன நீளச் சொல் பிரச்சினையைக் கவனித்துக்கொண்டு. ஆனால் பவுல் சொல்லும் 'எல்லாவற்றையும்' முந்தின வசனத்தில் விரித்திருக்கிறார். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். ஆறு பாடத்திலும் டிஸ்டிங்ஷன் வாங்கினாலும், ஒன்றில் விழுந்தாலும், திரையில் இருந்து எடுக்க வேண்டாத வசனம் அது. அப்படி நினைத்துப் போடுகிற பிள்ளைக்கு மட்டும் கொடுப்பேன்.

"எரேமியா 29:11 எல்லார் போன்லயும் இருக்கு. அது நமக்குச் சொன்னதா?"

வாசித்தவர்கள் கேட்கிற கேள்வி. தமிழில் அது முன்பின்னாக மடங்கிய நீள வாக்கியம், அதனால் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற கடைசி வரியை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். வெட்டு சரியான இடத்தில்தான் விழுகிறது. ஆனால் அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை நம்பாதீர்கள் என்கிறது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கும் இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அந்த நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் நமக்கு இல்லையா? எனக்கு என்னமோ வேறு யாரையும்விட நமக்குத்தான் என்று தோன்றும். என் பாட்டனார் நெல் வயலுக்கு வந்தார், இரண்டு அறுவடையில் திரும்பிவிடுவதாகச் சொல்லி. மரப்பெட்டியை வீட்டில் யாரையும் திறக்க விடவில்லையாம், எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாமே என்று. அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அரிசி போட்டு வைத்திருக்கிறோம். இதே கடிதத்தின் ஐந்தாம் வசனம் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. ஏழாம் வசனம் நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்கிறது. 29:11 கேட்டு வருகிறவர்களுக்கு இந்த ஏழாம் வசனத்தைக் காட்டுவேன். பலர் 11ஐயே வாங்கிக்கொண்டு போவார்கள், சிலர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று மாற்றிக்கொள்வார்கள்.

"மகன் மலேசியாவுல வேலை செய்றான். அவனுக்கு அனுப்ப?"

சங்கீதம் 121:8. "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." வைபரில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், கோப்பாக அனுப்புங்கள். அவன் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி, ராத்திரி வேலை முடிந்து தூங்குகிறவனை எழுப்பாதீர்கள்.

"சோகமான வசனம் போடலாமா? போனைப் பார்த்தவங்க பயந்துருவாங்களா?"

போடலாம். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் நிறைய. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13:1 கேட்கிறது. அதைக் கணவரை இழந்த ஒரு சித்தி மூன்று மாதம் வைத்திருந்தார். வேறு எந்த வசனமும் அப்போது அவருக்குப் பொய்யாகத் தெரிந்ததாம். யோவான் 11:35, "இயேசு கண்ணீர் விட்டார்", மூன்றே சொல், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடச் சின்னதாக, பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு சங்கீதம் 46 கேட்டு நிறையப் பேர் வந்தார்கள், மாந்தலேயில் உறவு உள்ளவர்கள் அதிகம். பாதி வசனக் கேள்வியில் சொன்ன அதே சிக்கல். "பூமி நிலைமாறினாலும்" என்று போட்டு, நடுவில் உள்ளதை மூன்று புள்ளியால் விட்டு, "நாம் பயப்படோம்" என்று முடித்தேன். ஒரு அண்ணன் மட்டும், 'இல்ல தம்பி, நான் பயந்துதான் இருக்கேன், அந்தக் கடைசி வரி வேண்டாம்' என்றார். அவருக்கு முதல் வசனத்திலிருந்து "ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்" என்பதை எடுத்துக் கொடுத்தேன்.

"புத்தாண்டு ராத்திரி எடுத்த வாக்குத்தத்த அட்டையையே வருஷம் பூரா வெச்சுக்கலாம்ல?"

வைக்கலாம், அதையும் மேலே பத்து வரி வாசித்துவிட்டு. ஆனால் கண்ணுக்குப் பழக்கம் என்று ஒன்று உண்டு. ஒரு மாதம் போனால் வசனம் சுவர் மாதிரி ஆகிவிடும், பார்ப்போம், படிக்க மாட்டோம். சோதனை ஒன்று இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, லாக் ஸ்கிரீனில் என்ன இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் மனசுக்குள் போய்விட்டது, அடுத்ததுக்கு மாறலாம். சொல்ல வரவில்லை என்றாலும் மாறலாம், அது ஒட்டவே இல்லை.

"எங்களுக்கெல்லாம் சொல்றியே, உன் போன்ல என்ன இருக்கு?"

சங்கீதம் 141:3இன் முதல் பாதி. "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." கறுப்புப் பின்னணி, படம் இல்லை. போனைத் திறக்கிற இடத்தில் பூட்டும் காவலும் பற்றிய வசனம் என்பது முதலில் விளையாட்டாகத்தான் தோன்றியது.

போன மழைக்காலத்தில் குடும்ப வைபர் குழுவில் பெரியப்பா வீட்டு முன்பணம் பற்றிப் பேச்சு முற்றியது. என் சித்தப்பா மகன் எழுதியதைப் படித்ததும் பதில் எனக்குள் முழுசாகத் தயாராகிவிட்டது. போனை எடுத்தேன். ஈரக் கை, கைரேகை பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், பிடிக்கவில்லை. அதற்குள் மூன்று தடவை அந்த வரி எரிந்து அணைந்துவிட்டது. நாலாம் தடவை திறந்தது. நினைத்து வைத்திருந்ததில் பாதியை எழுதவில்லை. மீதிப் பாதியை அனுப்பிவிட்டேன், அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை.